வாட்ஸை விடுங்கள், முதலில் வோல்ட்டைப் பாருங்கள்

எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கருக்கு (மெல்லிய படலத்தை மின்னழுத்தத்தால் அசைத்து ஒலி எழுப்புவது) ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், வாட்ஸில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 1957-இல் வந்த குவாட் நிறுவனத்தின் பழைய ஈஎஸ்எல் ஸ்பீக்கருக்கு மட்டும் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது தாங்குவது உச்சத்தில் 33 வோல்ட்தான், மீறினால் உள்ளே பொறி பாய்ந்து மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஓட்டையாகிவிடும். நண்பர் ஒருவர் 150 வாட்ஸ் ஆம்ப்பை மாட்டிச் சத்தத்தைக் கூட்டியபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கடுகு வெடிப்பது போல நாலைந்து முறை கேட்டது, அவ்வளவுதான், நடுவில் இருந்த ட்ரெபிள் பேனல் (உயர் ஸ்வரங்களை ஒலிக்கும் பகுதி) போய்விட்டது. மாற்றுப் பேனலுக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்புறம், ஆம்ப்பின் கண்ணுக்கு இந்த ஸ்பீக்கர் ஒரு பெரிய கெப்பாசிட்டர் (மின்தேக்கி). அதன் மின்மறுப்பு பெயருக்கு 16 ஓம், ஆனால் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போனால் 2 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். சில டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இதில் நிலை தடுமாறி, காதுக்கே கேட்காத அலைவரிசையில் தானாகவே அதிர்ந்து (ஆஸிலேட் ஆகி) சூடேறும். ஆம்ப் வாங்குவதற்கு முன், இப்படிப்பட்ட கெப்பாசிட்டிவ் லோடில் நிலையாக நிற்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

குவாட்டை நிறுவிய பீட்டர் வாக்கர் இந்த ஸ்பீக்கரை வடிவமைத்தபோது அவர் கையில் இருந்தது வெறும் 15 வாட்ஸ் குவாட் 2 வால்வ் ஆம்ப்தான். டிரான்சிஸ்டர்தான் வேண்டுமென்றால் குவாட்டின் 45 வாட்ஸ் 303 ஆம்ப் போதும், ஒரு நடுத்தர அறையில் குரலும் வயலினும் அத்தனை தெளிவாக வரும். அதைவிடப் பெரிய குவாட் 405 ஆம்ப் வைத்திருப்பவர்கள் லிமிட்டர் (வோல்ட்டேஜை எல்லைக்குள் நிறுத்தும் சுற்று) போடாமல் இணைக்க வேண்டாம்.