அளவு மட்டுமல்ல, அறையும்தான்
போதைப்பொருளுக்கு உடல் பழகி, அதே அளவு முன்புபோல் தாக்காமல் போவதுதான் தாங்குதிறன். அதைத் தீர்மானிப்பது மருந்தின் அளவும் எடுத்த நாட்களும் மட்டுமே என்று சொல்வது அரைவாசிதான் சரி. 1982இல் கனடாவில் உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலின் குழு எலிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓர் அறையில் ஹெரோயினும், இடைநாட்களில் வேறோர் அறையில் வெறும் குளுக்கோஸ் கரைசலும் ஏற்றி, கடைசியில் எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஹெரோயின் கொடுத்தது. அந்தக் கடைசி ஊசியை ஹெரோயின் அறையிலேயே ஏற்றியவற்றில் 32 வீதம் செத்தன. குளுக்கோஸ் அறையில் ஏற்றியபோது 64 வீதம். அதற்குமுன் ஹெரோயினையே காணாத எலிகளில் 96 வீதம். பழகிய அறையின் மணம், சத்தம் எல்லாம் ஊசி ஏறுமுன்பே உடலை மருந்துக்கு எதிராகத் தயார்ப்படுத்துகின்றன. அறை மாறினால் அந்தத் தயாரிப்பு இல்லை. நடத்தையும் இப்படித்தான்: மதுசாரம் ஏற்றிய பிறகு ஓடிப் பழகிய எலிக்கு வரும் தாங்குதிறன், ஓடி முடித்தபின் அதே அளவைப் பெற்ற எலிக்கு வரவில்லை. 'இது எலிக்கதை' என்று யாராவது சொல்லலாம். ஹெரோயின் மிகையாகி உயிர்தப்பிய 10 பேரைச் சீகல் விசாரித்தபோது, 7 பேர் அன்றைய இடமோ முறையோ வழமைக்கு மாறானது என்றார்கள். வன்னிப் பாடசாலைகளில் விழிப்புணர்வு செய்வோர் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும்: கிளிநொச்சியில் ஓரிடத்தில் பழகிய அளவு, கொழும்பில் ஒரு புது அறையில் மூச்சையே நிறுத்திவிடலாம்.