முதுகைக் காட்டும் ஆட்டங்கள்

எங்கள் ஊரில் முளைப்பாரி எடுக்கும் நாளன்று பயிர் முளைத்த மண் ஓடுகளைக் கோயில் திடலின் நடுவே இறக்கி வைத்துவிட்டு, பெண்கள் அவற்றைச் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் குனிந்து நிமிரும் முதுகுகளும் கொண்டைகளில் ஆடும் மல்லிகைச் சரங்களும்தான். முகங்கள் அனைத்தும் உள்நோக்கி இருக்கும். ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். யாரும் யாருக்கும் அடவு சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாங்கள் சிறுமிகளாக அந்த வட்டத்துக்குள் நுழைந்தபோது, எதிரே நின்ற அத்தைகளின் கைகளைப் பார்த்துத்தான் எப்போது குனிவது, எப்போது தட்டுவது என்று கற்றுக்கொண்டோம்.

அதே கும்மியை எட்டாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் ஆடினோம். ஒத்திகையின் முதல் நாளே, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வட்டம் அரைவட்டமானது, மறுநாள் இரண்டு வரிசைகளானது. அதன் பிறகு எங்களுக்குத் தாளம் தப்பிக்கொண்டே இருந்தது. எதிரே கைகள் இல்லாததால் பார்த்துத் தட்ட வழியில்லை. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணியபடி மூன்று வாரம் பழக வேண்டியிருந்தது. நன்றாக எண்ணத் தெரியாத இரண்டு பேர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். திடலில் கொட்டும்போது யாரையும் நீக்கியதே கிடையாது.

நாட்டார் ஆட்டங்களை மேடையேற்றுவது குறித்துப் பேச்சு வரும்போதெல்லாம் அந்த இருவரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான ஊர்களில் வட்ட ஆட்டம் வட்டமாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுத் தரும் ஏற்பாடே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வட்டத்தை நேர்கோடாக்கினால் ஆட்டத்துக்கு ஒரு மாஸ்டரும் ஒத்திகையும் தேவைப்படுகின்றன. அத்துடன், ஆடத் தெரிந்தவர், பார்க்க மட்டும் தகுதி உள்ளவர் என்று ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டனிப் பகுதியில் 'ஃபெஸ்ட்-நோஸ்' என்ற இரவு விழா நடக்கிறது. அங்கே மக்கள் சுண்டு விரலோடு சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாக ஆடுகிறார்கள். ஒருவர் ஓர் அடியைப் பாடி முடிக்குமுன்பே, அதன் கடைசி அசைகளில் மற்றவர் சேர்ந்துகொண்டு அந்த அடியைத் திருப்பிப் பாடுவார். மூச்சு வாங்குவதற்குக்கூட இடைவெளி விழாது. அதைக் கேட்கும்போது எனக்குக் கும்மியின் பின்பாட்டுதான் நினைவுக்கு வருகிறது. பண்ணை வேலைகளோடு ஒட்டியிருந்த இந்தக் கூடல்கள் நசிந்துபோன நிலையில், 1950களில் லோயிஸ் ரோப்பார்ஸ் என்பவர் முன்னின்று அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தார். அவர் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக் குழு அமைக்கும் வழியில் போகவில்லை. வருபவர் எல்லாரும் ஆடும் இரவுகளாகவே அவற்றை மீட்டெடுத்தார். 2012இல் யுனெஸ்கோ ஃபெஸ்ட்-நோஸை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மேடை ஏறாவிட்டால் இந்த ஆட்டங்கள் அழிந்துபோயிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பால்ஷாய் அரங்கில் பாலே ஆடி வளர்ந்த இகோர் மொய்செயெவ் 1937இல் மாஸ்கோவில் தொடங்கிய குழு, பல நாடுகளின் நாட்டார் ஆட்டங்களை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. அந்தத் துல்லியத்தையும் அந்தப் பாய்ச்சலையும் கண்டு நான் மலைத்துப்போயிருக்கிறேன். அது மிக உயர்ந்த கலை. ஆனால் அதை ஆட முடிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் உடலைப் பழக்கிய கலைஞர்கள் மட்டுமே. அந்த அசைவுகள் பிறந்த ஊர்களின் பாட்டிகளால் அந்த மேடையில் ஒரு நிமிடம்கூட நின்றிருக்க முடியாது. எல்லா ஆட்டங்களும் வட்டத்தில் பிறந்தவை என்றும் நான் சொல்லவில்லை. ஹவாய் மக்களின் ஹூலா, தெய்வங்களுக்கும் தலைவர்களுக்கும் முன்னால் கடும் பயிற்சியோடு ஆடப்பட்ட ஆட்டம். பார்வையாளரை நோக்கி நிற்பது அதற்கு இயல்பு. என் மனக்குறை, கூடி ஆடுவதற்கென்றே உண்டான ஆட்டங்களைப் பற்றியது.

இதற்கு ஹங்கேரியில் ஒரு வழி கண்டார்கள். ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் உள்ள சேக் என்ற ஹங்கேரிய ஊரில், இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அங்கே கூடி ஆடும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1972 மே 6 அன்று புடாபெஸ்டில் முதல் 'டான்ட்ஸ்ஹாஸ்', அதாவது ஆட்ட வீடு, நடந்தது. ஃபெரென்ஸ் ஷெபோவும் பேலா ஹால்மோஷும் இசைத்தார்கள். அன்று ஆடியவர்கள் மேடைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. நாள்தோறும் பார்வையாளர்களுக்காக ஆடிக்கொண்டிருந்தவர்கள், முதன்முறையாகத் தங்களுக்காகவே ஆடினார்கள். அதற்குப் பின் ஷாந்தோர் திமார் என்ற நடன அமைப்பாளர் அந்தக் கதவை அனைவருக்கும் திறந்துவிட்டார். வருபவர்களுக்கு முதலில் அடிப்படை அடவுகள் சொல்லித்தரப்படும். பிறகு வயலினும் மூன்று தந்தி வியோலாவும் பெரிய பாஸும் நேரில் முழங்க, இரவு வெகுநேரம் ஆட்டம் நடக்கும். ஜியோர்ஜ் மார்ட்டின் போன்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்து சேர்த்தவை, இவ்வாறு மறுபடியும் மக்களின் கால்களுக்கு வந்து சேர்ந்தன. 2011இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபைக் காக்கும் நல்ல நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்றது.

இன்று நம் பள்ளி, கல்லூரி விழாக்களில் 'உலக நடனங்கள்' என்ற பெயரில் ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு நிமிடம் ஒதுக்கி, உடையை மாற்றி மாற்றி ஆடவைக்கிறார்கள். குழந்தைகள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நிகழ்ச்சியின் முடிவில் கால் மணி நேரம் ஒதுக்கி, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஏதேனும் ஒரே ஓர் ஆட்டத்தைத் தரையில் வட்டமாக ஆடவைத்துப் பாருங்கள் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அதில் சேரட்டும். முதல் சுற்றில் எல்லாருக்கும் கால் இடறும். மூன்றாவது சுற்றில், எதிரே ஆடுபவரைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள்.

போன ஆண்டு முளைப்பாரிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெளியூரில் வளர்ந்த என் அண்ணன் மகள், திடலின் ஓரத்தில் கைபேசியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கும்மி கொட்டிக்கொண்டிருந்த பெரியத்தை, பாட்டை நிறுத்தாமலே அரை அடி விலகி, தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார். இரண்டு சுற்று வரை அந்த இடம் வெறுமையாகவே சுற்றிவந்தது. மூன்றாவது சுற்றில் அவள் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.