எட்டாயிரமும் எட்டுத்திக்கு அறிவுரையும்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு பெரிய மனிதர், நான் மதிக்கிறவர்தான், ஓவியம் படிக்கிற ஒரு பெண் தன் வேலைக்கு விலை சொல்லிப் போட்ட பதிவுக்குக் கீழே, "பாப்பா படிப்பு முடியறதுக்குள்ள கல்லாப்பெட்டியைத் திறந்துடுச்சு" என்று எழுதினார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் பாதிப் பேர் என் நண்பர்கள். அதற்கு மேல் முடியவில்லை.

எந்தப் பதிவு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஸ்கிரீன்ஷாட் போட்டு அந்தப் பெண்ணை இன்னொரு சுற்று இழுக்கப் போவதில்லை. பிஎஃப்ஏ, அதாவது நுண்கலைப் பட்டப்படிப்பு, கடைசி வருஷம். வெளியே வந்ததும் புத்தக ஓவியம்தான் தொழில் என்று முடிவு செய்து ஒரு ரேட் கார்டு போட்டாள். முன் அட்டை 8,000. உள்ளே கோட்டோவியம் ஒன்றுக்கு 1,500. இரண்டு திருத்தம் வரை இலவசம், மூன்றாவதுக்குத் தனிக் காசு. பாதி முன்பணம். அவ்வளவுதான். யாருடைய சொத்தையும் எழுதிக் கேட்கவில்லை.

விலை சொல்வது பேராசை இல்லை. நாலு வருஷம் படித்த ஒருத்தி அடுத்த மாச வாடகையைப் பற்றி யோசிப்பது. இன்ஜினியரிங் பையன் கேம்பஸில் எத்தனை லட்சம் என்று கேட்டால் கெட்டிக்காரன். இவள் எட்டாயிரம் என்றால் கல்லாப்பெட்டியா?

"கலைஞன் காசைப் பற்றி யோசிக்கலாமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. நீங்கள் வாரக்கடைசியில் காரில் போய் செல்ஃபி எடுத்துக்கொள்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் படிப்பு முடிந்ததும் எப்படிப் பிழைப்பது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். மெழுகு வைத்துச் சாயமேற்றுகிற பாட்டிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966-ல் குடியேறினார்கள். பகலில் விற்பதற்கு, மற்ற நேரத்தில் வரைவதற்கு. தென்னிந்திய நவீன ஓவியம் என்று நீங்கள் மேடையில் உருகுவதில் பெரும்பங்கு அந்த பாட்டிக் காசில் வளர்ந்தது. அந்தக் கல்லூரியையே 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் ஆரம்பித்தபோது கூடவே கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்த ஆதிமூலம் பத்திரிகைக்கு வரைந்தார். தோட்டா தரணி சினிமாவுக்கு செட் போட்டார். யாருடைய கலையும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

அம்மா ஞாபகம் வருகிறது. அம்மா வீட்டில் ரவிக்கை தைத்தார். வாசல் கதவில் ஒரு அட்டை தொங்கும்: சாதா இவ்வளவு, லைனிங் இவ்வளவு, கழுத்தில் டிசைன் வைத்தால் கேட்டுக்கொள்ளவும். எழுத்து என்னுடையது, ஏழாங்கிளாஸ் படிக்கும்போது எழுதியது. தெருவில் யாரும் அம்மாவைப் பார்த்து "தையல் ஒரு தவம், அதுக்கு விலை போடலாமா" என்று கேட்டதில்லை. நானும் ஓவியக் கல்லூரியில் படித்தவன்தான். என் கடைசி வருஷக் கண்காட்சிக்கு ஃப்ரேம் போட அம்மா சங்கிலியை அடகு வைத்தார். வந்து எல்லாப் படத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுல எது விக்கும்?" என்றார். பக்கத்தில் நின்ற பேராசிரியர் சிரித்தார். "அம்மா, இது கடை இல்ல" என்றார். அம்மா முகம் சுருங்கிப்போனது. அந்தச் சிரிப்பும் நேற்றைய சிரிப்பும் ஒரே சிரிப்பு. அப்போது எனக்குப் பேச வாய் வரவில்லை, இப்போது வருகிறது.

எந்தக் காகிதம், எந்த மை என்று கல்லூரியில் நாலு வருஷமும் சொல்லித்தந்தார்கள். கொட்டேஷன் எப்படி எழுதுவது, காசு வராவிட்டால் யாரைக் கேட்பது என்று ஒரு வகுப்பு கிடையாது. இந்தப் பெண் அதைத் தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் இந்தக் கேலி.

"மூணாவது திருத்தத்துக்குக் காசா, அநியாயம்!" சரி, அட்டை வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை ஓடுகிற ஒரே ஓவியம். 160 பக்கம் என்று கணக்குச் சொல்லி, அதற்குப் புத்தகத்தின் முதுகு, அலமாரியில் வைத்தால் தெரிகிற பக்கம், இவ்வளவு மில்லிமீட்டர் என்று கோடு போட்டு வரைந்து கொடுத்தாகிவிட்டது. அச்சுக்குப் போகிற அன்று போன் வரும். "முன்னுரை ரெண்டு சேர்ந்துடுச்சு, இப்ப 208 பக்கம். பேப்பரும் 70 ஜிஎஸ்எம் இல்ல, 80." பக்கமும் கூடி, தாளும் கனத்து, முதுகு தடித்துவிட்டது. நடுவில் நின்ற பனைமரம் மடிப்பில் மாட்டி இரண்டாகப் பிளக்கும். முழு ஓவியத்தையும் நகர்த்த வேண்டும், இடதுபக்கம் இல்லாத வானத்தைப் புதிதாக வரைய வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. இதற்கு எனக்கு ஒருமுறை கிடைத்த கூலி ஐந்து பிரதி. அதிலும் என் பெயரை உள்பக்கத்தில் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

பதிப்பகங்கள் கஷ்டத்தில் இருக்கின்றன, முந்நூறு பிரதி விற்கவே திணறுகின்றன என்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அச்சகத்துக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்களேன்.

அடுத்து ஏஐ. "ரெண்டு நிமிஷத்துல வந்துடும், எதுக்கு எட்டாயிரம்?" தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் சார். யார் தடுத்தது? போன மாதம் ஒரு இலக்கியக் கூட்ட அழைப்பிதழ் அப்படித்தான் வந்தது. வித்வான் நாதஸ்வரத்தைப் புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். தமிழ் மரபு பற்றிய கூட்டம். அழைப்பிதழைப் பகிர்ந்த நூறு பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நமக்குப் பார்க்கவே தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

எப்படித் தெரியும்? எந்த ஸ்கூலில் டிராயிங் பீரியட் ஒழுங்காக நடந்தது? கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்கவில்லை என்றால் முதலில் பறிபோவது அதுதான். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேரமாக ஓவியம், உடற்கல்வி ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. அப்போது மே மாசம் அதுவும் கிடையாது. அதற்கப்புறம் எத்தனை போராட்டம், எத்தனை வாக்குறுதி. கல்லூரி முடித்ததும் நான் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போனேன். எல்கேஜி சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்து முடித்ததும் பஸ் டியூட்டி போட்டார்கள். சுவர் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது.

"நீங்க ஏன் சார் இவ்வளவு கோபப்படறீங்க, அது சும்மா ஜாலிக்குப் போட்ட கமெண்ட்" என்று இப்போதே இன்பாக்ஸில் ஒருவர் வந்துவிட்டார். சார், உங்களுடைய இரண்டு தொகுப்புக்கும் அட்டை நான்தான் வரைந்தேன். காசு கேட்கவில்லை, நட்பு என்றீர்கள். வெளியீட்டு விழாவில் டீ கொடுத்தவர் பெயரையெல்லாம் சொல்லி நன்றி சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் பயந்து நேற்று ராத்திரியே பதிவை எடுத்துவிட்டாள். திரும்பப் போடு தாயி. பத்தாயிரம் என்று போடு. என் அடுத்த தொகுப்புக்கு அட்டை நீதான். கோட்டோவியம் நான் போட்டுக்கொள்கிறேன், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜிபே நம்பர் அனுப்பு, முன்பணம் இன்றைக்கே போடுகிறேன்.