இறக்குவது வேறு, இறக்கி ஏற்றுவது வேறு

போன சித்திரையில் செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து. விடியற்காலை நாலு மணி. கர்ணன் வேஷம் கட்டிய வாத்தியார் அசராமல் ஆடிக்கொண்டிருந்தார். கை வலிக்க வலிக்க 11 நிமிஷம் போனில் எடுத்து யூடியூபில் போட்டேன். ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். எனக்கு அதுவே பெருமை.

ஆடி பிறப்பதற்குள் அதே வீடியோ ஒரு முகநூல் பக்கத்தில். ஊர்ப் பெயரை வெட்டிவிட்டு, வாத்தியாரின் கிரீடத்துக்கு மேலேயே தங்கள் லோகோவை ஒட்டியிருந்தார்கள். கூத்தில் ஊதும் முகவீணையின் சத்தத்தை அமுக்கிவிட்டு ஏதோ பிஜிஎம் வேறு. லட்சத்தைத் தாண்டிய பார்வைகள். கேட்டேன். "கிரெடிட் போட்டுடறோம் ப்ரோ" என்று பதில் வந்தது.

வீடியோ இறக்குவதே பாவம் என்று சொல்லும் யோக்கியன் இல்லை நான். என் போனில் பாதி இடம் அப்படி இறக்கியதுதான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடம் கொடுக்கிறது. ஆனால் தளத்தின் விதி தனி. யூடியூப் தானே தரும் டவுன்லோடு வசதியைத் தவிர வேறு வழியில் இறக்கக் கூடாது என்பது நாம் படிக்காமலே 'சம்மதம்' கொடுத்த நிபந்தனைகளில் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டவற்றை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம், முதலில் உருவாக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். யூடியூப் தேடலில் அதற்கென்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது. இன்ஸ்டாவில் பொதுக் கணக்கு ரீல்ஸை 2023இலிருந்து ஆப்பிலேயே இறக்கலாம், போட்டவர் தடுத்து வைக்கவில்லை என்றால். இறங்கும் வீடியோவில் கணக்கின் பெயரும் சேர்ந்தே வரும். அந்தப் பெயரை மெனக்கெட்டு வெட்டுகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இன்னொருவர் வீடியோவை அனுமதி இல்லாமல் தன் பக்கத்தில் ஏற்றிக் காசு பார்ப்பதைச் சொந்த உபயோகம் என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. தெரிந்தே செய்தால் 63ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை என்று இருக்கிறது. 'கிரெடிட்' என்பது அனுமதி ஆகாது, ப்ரோ.

(லிங்க் ஒட்டினால் வீடியோ தரும் தளங்கள் தனிக் கூத்து. பச்சையாக மூன்று 'டவுன்லோடு' பட்டன், அதில் இரண்டு விளம்பரம். அப்பா ஒருநாள் தப்பான பட்டனை அமுக்கிவிட்டு, ஒரு வாரம் ரம்மி நோட்டிஃபிகேஷனோடு மல்லுக்கட்டினார்.)

சரி, கோபத்தோடு வாத்தியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ மட்டும் என்னைக் கேட்டா எடுத்த தம்பி?" என்றார்.

பேச்சே வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைத் திறந்தால், 38ஆவது பிரிவில் ஆடுபவர், பாடுபவர், நடிப்பவருக்கும் தனி உரிமை, 50 வருஷத்துக்கு. வீட்டில் போட்டுப் பார்க்க நான் எடுத்தது சரி. ஊருக்கே போட்டுக் காட்டுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். லோகோ ஒட்டியவனுக்கும் எனக்கும் இருந்த தூரம் நான் நினைத்திருந்த அளவுக்கு இல்லை.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிடட்டுமா என்றேன். "எதுக்கு எடுக்கணும்? லட்சம் பேர் பார்த்தான்றியே, ஒருத்தனும் வெத்தல பாக்கு வைக்க வரலியே. எங்க ஜமா பேரு, நம்பரு எல்லாம் போடு, அது போதும்" என்றார். ஜமா என்றால் கூத்துக் குழு.

போட்டேன். அந்த முகநூல் பக்கத்தின் மீதும் உரிமைப் புகார் கொடுத்தேன், நாலாம் நாள் வீடியோ காணாமல் போனது. வேறு பக்கத்தில் முளைக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்புறம் வாத்தியார் இன்னொன்றும் கேட்டார். அவர் வீட்டுப் பக்கம் நெட் சரியாக இழுக்காதாம், பேத்திக்குக் காட்ட அந்த வீடியோவை எப்படி இறக்குவது என்று. பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.