துணைக்கு ஆள் வேண்டுமா, நர்ஸ் வேண்டுமா?

பெரியவர்களை இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்ற நிலை வந்ததும் நம் ஊரில் எல்லோரும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் கோயில் இருக்கிறதா, சைவச் சாப்பாடா, ரூமுக்கு ஏசி உண்டா. எல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இவருக்கு என்ன தேவைப்படும்?

தானாக எழுந்து பாத்ரூம் போய்விட்டு வருகிறவர், ஞாபகப்படுத்தினால் மாத்திரை போட்டுக்கொள்கிறவர் என்றால் நல்ல முதியோர் இல்லம் போதும். வேளைக்குச் சாப்பாடு, பேச நாலு பேர், கூப்பிட்டால் வர ஓர் ஆள். மூக்கில் ட்யூப், சிறுநீர் போக கதீட்டர் குழாய், படுத்த படுக்கை என்றால் இருபத்துநாலு மணி நேரமும் ஸ்டாஃப் நர்ஸ் இருக்கும் இடம் வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கும்போதுதான் எல்லாம் குழம்பிவிடுகிறது. "பெத்தவங்கள ஹோம்ல விட்டுட்டான்" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்று பயந்து, நன்றாக நடமாடுகிறவரை ட்ரீட்மென்ட் என்ற பேரில் நோயாளிகளுக்கு நடுவே கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். ஆறே மாதத்தில் அவர் நிஜமாகவே படுத்துவிடுகிறார். இன்னும் சில வீடுகளில் மாதச் செலவைக் கேட்டு மலைத்துப்போய், நர்ஸ் கட்டாயம் தேவைப்படுகிறவரைச் சாதாரண இல்லத்தில் சேர்க்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூபோடு டிஸ்சார்ஜ் ஆனபோது தாம்பரம் பக்கமும் ஓ.எம்.ஆர். பக்கமும் நிறைய இடங்களைப் போய்ப் பார்த்தோம். ஓர் இடத்தில் வாசலில் துளசி மாடம், பளிச்சென்று தரை, வரவேற்பில் இருந்தவர் அவ்வளவு இதமாகப் பேசினார். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்றார். உள்ளே படுக்கையில் இருந்த ஒரு பாட்டியின் தலைமாட்டில் அட்டை ஒன்று தொங்கியது. படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். அதைக் குறித்துவைக்கிற அட்டை அது. நாங்கள் நின்றிருந்தது மதியம் மூன்று மணிக்கு. அட்டையில் மாலை ஆறு மணி வரைக்கும் டிக் போட்டாகிவிட்டது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, "வேணாம்மா, வா போலாம்" என்றார். அங்கே வேலை பார்த்த பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருத்திதான். அப்படி ஆள் வைத்து நடத்துகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம், இன்றைக்கும்.

அதனால் போய்ப் பார்க்கிறவர்கள் கட்டடத்தைப் பார்க்காமல் அங்கே இருக்கிறவர்களைப் பாருங்கள். உதடு காய்ந்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ராத்திரி ஷிஃப்டில் எத்தனை நர்ஸ், அவர்கள் படித்துப் பதிவு செய்தவர்களா அல்லது பழக்கிவிட்ட ஆயாக்களா, ட்யூபை மாற்றுவது யார், திடீரென்று மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், கூட யார் போவார்கள் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு தடவை போங்கள்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாக இருந்துவிட வேண்டாம். குளிப்பாட்ட, உடை மாற்றிவிட, நடக்கக் கைகொடுக்க என்று பராமரிப்புக்காக மட்டும் சேர்க்கும் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளிலேயே அது இருக்கிறது. டயப்பர், ட்யூபில் கொடுக்கும் ஃபீட், பிசியோதெரபி எல்லாம் மாதக் கட்டணத்துக்குள் வருமா, தனி பில்லா என்பதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எதற்கும் முன்னால் ஒரு முதியோர் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நாட்டிலேயே முதல்முறையாக முதியோருக்கென்று தனிப்பிரிவு வந்தது நம் சென்னை ஜி.எச்.சில்தான், 1978-இல். இப்போது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்திலும் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்திருக்கிறார்கள். நடை, ஞாபகம், விழுங்கும் திறன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து எந்த அளவு உதவி தேவை என்று சொல்வார்கள். சில பேருக்கு முறையான பிசியோதெரபி கொடுத்தாலே எழுந்து நடக்க வந்துவிடும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கும் வலி தணிக்கும் சிகிச்சைக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 14567-க்கு போன் செய்யலாம். முதியோர் உதவி எண் அது, இல்லங்கள் பற்றிய விவரமும் சொல்வார்கள்.

அப்புறம், சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். இதை எத்தனை வீட்டில் செய்கிறார்கள்? நங்கநல்லூர் அத்தையை எங்கே சேர்ப்பது என்று அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே மகன் வீடியோ காலிலும் நாங்கள் ஹாலிலுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை கேட்டது ஒன்றுதான்: "அங்க காலைல காபி எத்தன மணிக்கு?" ஐந்து மணிக்குக் காபி குடிக்காமல் அவருக்கு நாள் தொடங்காது. பார்த்து வைத்திருந்த இடத்தில் ஆறரைக்குத்தான் என்றார்கள். ரூமிலேயே கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற இல்லத்தைத்தான் அத்தை தேர்ந்தெடுத்தார்.

அந்த இல்லத்திலும் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டோம். நாளைக்கே அத்தை படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பல இல்லங்களில் "கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்று ஒரே வாரம்தான் கெடு தருகிறார்கள். நர்ஸ் இருக்கும் வேறு இடம் பார்க்க இரண்டு மாத அவகாசம், அதுவரை தனி அட்டெண்டர் வைத்துக்கொள்ள அனுமதி, மிச்ச டெபாசிட் திரும்பத் தரப்படும் என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் மகன் பணம் அனுப்பினான்.