காணும் பொங்கலுக்குச் சென்னையில் இருந்து பாருங்கள்

பொங்கலன்று காலையில் யாராவது ஒருவர் அண்ணா சாலையின் நடுவே நின்று படம் எடுத்துப் போடுகிறார். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இருக்காது. "சென்னை இப்போதுதான் மூச்சு விடுகிறது" என்று மேலே ஒரு வரி. கீழே நூறு பேர் வந்து "ஆமாம், ஆமாம்" என்பார்கள். படம் போடுகிறவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள் என்பதால் இத்தனை வருடமும் பேசாமல் இருந்தேன். இந்த முறை சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குச் சென்னை காலியாவதில்லை. பிழைக்க வந்த நாம் குடியிருக்கும் தெருக்கள் காலியாகின்றன, அவ்வளவுதான். இராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு படம் போடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். பெண் எடுத்ததும் குடியிருப்பதும் வடசென்னை இராயபுரத்தில். கல்யாணமான நாளிலிருந்து பொங்கல் என்றால் ஊருக்கு ஓடுவது என்றே பழகிவிட்டோம். அந்த ஓட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரயில் முன்பதிவை முன்பு 120 நாளைக்கு முன்னால் திறந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால் திறக்கிறார்கள். எப்போது திறந்தாலும் நாம் கண்ணைக் கசக்குவதற்குள் காத்திருப்போர் பட்டியல்தான். தனியார் பஸ்காரர் கேட்கும் கட்டணத்தில் ஊரில் இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கலாம். 2023 கடைசியில் பேருந்து நிலையம் தென்கோடியில் இருக்கும் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, வடசென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. மீதி உயிர் பரனூர் சுங்கச்சாவடிக்கு. இப்படியெல்லாம் போய் இறங்கி, பொங்கல் வைத்து, மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசி முடிப்பதற்குள் திரும்பும் கவலை வந்துவிடும்.

இந்தத் தையில் என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "எல்லாரும் சென்னையிலிருந்து போகிறார்கள் என்றால், சென்னைக்கு வருகிற பஸ்ஸில் யார் இருப்பார்கள்?" யாரும் இல்லை. அதுதான் விஷயம். கூட்டத்தை இறக்கிவிட்ட சிறப்புப் பேருந்துகள் அடுத்த கூட்டத்தை ஏற்ற வெறும் இருக்கைகளோடு திரும்புகின்றன. போகிக்கு முந்தைய நாள் அம்மா விழுப்புரத்தில் ஏறி, இரண்டு பேர் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாடுகளைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

போகியன்று விடிவதற்குள் தெருவெல்லாம் பிள்ளைகள் போகி மேளத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு மேளம் பிடித்தது, புகை பிடிக்கவில்லை. 2018 போகியில் இந்தப் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே நிறுத்திவைத்த கதையைச் சொன்னேன். "டயரைக் கொளுத்தினால் விமானம் என்ன, காக்காய்கூடப் பறக்காது" என்றார். பொங்கலுக்கு மொட்டை மாடியில் மூன்று குடித்தனமும் சேர்ந்து செங்கல் அடுப்பு மூட்டினோம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைப் பார்க்காமல் அம்மா கொஞ்சம் தவித்தார். தெருவில் திரிந்த ஒரு பசுவுக்குக் கரும்புச் சோகையைக் கொடுத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

நான் எழுத வந்தது தை மூன்றாம் நாளான காணும் பொங்கலைப் பற்றி.

அரசு நாட்காட்டியில் அதற்கு உழவர் திருநாள் என்று பெயர். வடசென்னையில் அதுதான் பெரிய நாள். என் மாமனார் வீட்டில் தலைமுறையாக மெரினாவுக்குப் போகிறார்கள். கொரோனாவுக்காகக் கடற்கரையை அடைத்த 2021, 2022 இரண்டு வருடமும் தவறியதைத் துக்கம்போலச் சொல்வார்கள். விடியற்காலையில் மாமியார் காசிமேட்டிலிருந்து மீனோடு வந்துவிடுவார். ஒரு அண்டாவில் புளிசாதம், இன்னொன்றில் பிரியாணி, தூக்குகளில் வறுத்த வஞ்சிரம், அவித்த முட்டை. அடுக்கும் முறையில் மாமியாரை மிஞ்ச ஆளில்லை: கனமான அண்டா அடியில், அதன்மேல் கிழிந்த பாய், பாயின்மேல் பிள்ளைகள். எல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில். பெரியவர்கள் பின்னாலேயே பஸ்ஸில் போவோம்.

உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் இறங்கியபோது அம்மா என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அத்தனை தலை. மணலில் பழைய சேலைகளைக் கழிகளில் கட்டி நிழல் உண்டாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நிழலிலும் ஒரு குடும்பம், ஒரு அண்டா. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், செங்கல்பட்டு என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். நுழைகிற இடத்தில் ஒரு பெண் காவலர் குழந்தைகளுக்குக் கைப்பட்டை கட்டிக்கொண்டிருந்தார். அதில் பெயரும் பெற்றோரின் கைபேசி எண்ணும் எழுதுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் கட்டி முடித்த பிறகு அம்மா தன் மணிக்கட்டை நீட்டினார். "எனக்கும் ஒன்று கட்டு தாயி. இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நான்தான் தொலைந்து போவேன்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் எண்ணை எழுதிக் கட்டிவிட்டார். வளையல்களுக்கு நடுவே அந்தப் பட்டையோடுதான் அன்று முழுக்க அம்மா வலம் வந்தார். சுண்டல்காரப் பையனிடம்கூடக் காட்டினார்.

சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நம் ஆற்றுத் திருவிழாதானே இது!" என்றார். தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தை ஐந்தாம் நாள் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே வருகிறார். மணல் முழுக்க ஜனம், ராட்டினம், வளையல் கடை, குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு. கட்டுச்சோற்றோடு தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்து, சொந்தபந்தங்களைப் பார்த்து, பொழுது சாயும்போது திரும்புவது. மெரினாவில் சாமி இல்லை, மற்றபடி அம்மா சொன்னது சரி. ஊர்த் திருவிழாவை நகரத்தில் காணோம் என்று நாம் புலம்பிக்கொண்டிருக்கிறோம். அதுவோ ஆண்டுதோறும் நம் மூக்குக்கு முன்னால் லட்சம் பேரோடு நடக்கிறது. நாம் அன்று சென்னையில் இருப்பதில்லை. இருந்தாலும் "அந்தக் கூட்டத்தில் யார் போவது" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இந்த "அந்தக் கூட்டம்" என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சல். மார்கழிக் கச்சேரிக்குக் கூடினால் இசை விழா, நந்தனத்தில் கூடினால் புத்தகத் திருவிழா. காணும் பொங்கலுக்குக் கூடினால் மட்டும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. மறுநாள் செய்தியை எடுத்துப் பாருங்கள்: எத்தனை ஆயிரம் போலீஸார், எத்தனை டன் குப்பை. அந்தப் பாயில் என்ன சாப்பிட்டார்கள், எந்த ஊரிலிருந்து யாரோடு வந்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. 2017-இல் காணும் பொங்கலுக்கு மறுநாள் இதே மணலில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரளத் தொடங்கினார்கள். அவர்கள் குப்பை பொறுக்கியதைக் கொண்டாடி ஓய்ந்தபாடில்லை. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் முந்தைய நாள் அங்கே இருந்தவர்களும் மனிதர்கள்தானே.

குப்பை இருக்கிறது, மறுக்கவில்லை. நாங்கள் சாப்பிட்ட இலைகளைப் போடத் தொட்டி தேடி நான் நடந்த தூரத்துக்கு இன்னொரு முறை பசித்துவிட்டது. கண்டுபிடித்த தொட்டி நிரம்பி வழிந்தது. லட்சம் பேர் வருவார்கள் என்று நாட்காட்டியிலேயே தெரிகிற ஒரு நாளுக்குத் தொட்டி எத்தனை, கழிப்பறை எத்தனை, குடிதண்ணீர் எங்கே என்று திட்டமிடுவது அவ்வளவு சிரமமா? பெண்கள் கழிப்பறை வரிசையைப் பார்த்துவிட்டு என் மனைவியின் அக்கா மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை போட்டார்கள். நல்ல காரியம். முழங்கால் வலிக்காரர்கள் இத்தனை பேர் வருகிற கடற்கரைக்கு அதுபோல் இன்னும் பத்து வேண்டும்.

அப்புறம் கடல். அன்று குளிக்கத் தடை, கரையோரம் நெடுகக் கட்டைத் தடுப்பு. மெரினாவின் இழுவை பொல்லாதது, ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது. அதனால் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை தூரம் வந்து காலைக்கூட நனைக்காமல் திரும்புவது அம்மாவுக்குத் தாங்கவில்லை. "தண்ணீரைக் காட்டிவிட்டுத் தொடாதே என்றால் எப்படி?" என்றார். இரண்டு மூன்று இடங்களில் கயிறு கட்டி, உயிர்காக்கும் வீரர்களை நிறுத்தி, முறைவைத்துக் கணுக்கால் அளவுக்கு விடலாம். திருவிழாக் காலத்தில் ஆற்றிலும் குளத்திலும் தெரிந்த வழிதானே இது.

ஊரில் பெற்றோரை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வருடம் அவர்களை இங்கே கூப்பிட்டுப் பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கும், மாட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இது ஒத்துவராது, தெரியும். ஒத்துவருகிறவர்களுக்குத் திரும்பும் பயணமும் சுகம். தை நான்காம் நாள் ஊர் மொத்தமும் சென்னையை நோக்கி நகரும்போது எங்கள் பஸ் எதிர்த் திசையில் போனது. பரனூரில் அந்தப் பக்கம் நின்ற வரிசையைப் பார்த்து அம்மா உச்சுக் கொட்டிக்கொண்டே வந்தார். நானும் மனைவியும் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே போனோம். ஆற்றுத் திருவிழா என்று கேள்விப்பட்டதும் மாமியாரும் கிளம்பிவிட்டார். தை ஐந்தன்று மணலூர்பேட்டையில் சுருளிக்கிழங்குக்குப் பேரம் பேசியது அவர்தான். காசிமேட்டில் முப்பது வருடம் மீன் வாங்கிய வாய்க்கு முன்னால் எங்கள் ஊர்க் கிழங்கு வியாபாரியால் ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.