ஏமாற்றுவதற்குப் பொய்யான காட்சி எதற்கு?

மைக்கேல் மூரின் 'ரோஜர் அண்ட் மீ' (1989) என்ற ஆவணப்படம், ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி ஆலைகளை மூடியதும் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் சரிந்த கதை. ஆலை மூடுகிறார்கள். ஊர் தவிக்கிறது. ரீகன் வந்து வேலையிழந்தவர்களோடு உட்கார்ந்து பீட்சா சாப்பிடுகிறார். சுற்றுலாவை நம்பி 'ஆட்டோவேர்ல்ட்' என்று ஒரு பூங்கா திறந்து, அதுவும் படுத்துவிடுகிறது. சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரீகன் வந்தது 1980, அமெரிக்க அதிபராக அல்ல, அதிபர் தேர்தல் வேட்பாளராக. ஆட்டோவேர்ல்ட் திறந்தது 1984. படம் மையமாகப் பிடித்துக்கொள்ளும் ஆலை மூடல் அறிவிப்போ 1986-இல். ஒரு ஷாட்டும் போலி இல்லை, அடுக்கியதில்தான் வேலை. படம் வந்த ஆண்டே ஹார்லன் ஜேக்கப்சன் என்ற விமர்சகர் இதைக் கேட்டார். முழுப் பத்தாண்டைப் பற்றிய படம் இது என்றார் மூர். எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. கம்பெனி ஊரைக் கைகழுவியது உண்மைதானே, தேதியை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் படத்தின் வாதம் நின்றிருக்கும்.

பேட்டிகளில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கும். பேசுபவர் முகத்திலிருந்து காட்சி திடீரென்று அவர் விரலுக்கோ சுவர்க் கடிகாரத்துக்கோ தாவினால், அதன் அடியில் பெரும்பாலும் ஒரு வெட்டு இருக்கும். கட்அவே என்பார்கள். திக்கல், இருமல், 'அது வந்து...' இதையெல்லாம் எடுக்கத்தான் முக்கால்வாசி நேரம் பயன்படும், அதில் தப்பில்லை. ஆனால் 'பாதிப்பு உண்டு, ஆனா எல்லா ஊர்லயும் இல்ல' என்பதில் பின்பாதி காணாமல் போவதும் அதே விரலுக்கு அடியில்தான்.

கண்ணை மூடிக் கேளுங்கள். சொல்லி முடிக்கும்போது குரல் இயல்பாகக் கீழே இறங்கும். இறங்காமல் அந்தரத்தில் நின்றால் மீதி எடிட் டேபிளில் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். பின்னால் ஏசி இரைச்சல் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் படப்பிடிப்பிலேயே அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம், ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துவைத்து ஒட்டில் பூசுகிறார்கள். பின்னணி இசை வந்துவிட்டால் இதுவும் கேட்காது.

எண்கள் வேறு ரகம். 2021-இல் வந்த 'சீஸ்பிரசி' என்ற ஆவணப்படம், இப்படியே மீன் பிடித்தால் 2048-க்குள் கடல் கிட்டத்தட்ட காலி என்றது. மூலம் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை. அதில் 'வீழ்ச்சி' என்றால், ஓர் இனத்தின் பிடிப்பு அதன் உச்ச அளவில் 10 சதவீதத்துக்கும் கீழே போவது. பிடிப்பு குறைவதும் கடல் காலியாவதும் ஒன்றா? கட்டுரையின் முதன்மை ஆசிரியர் போரிஸ் வோர்ம், அதை விமர்சித்த மீன்வள ஆய்வாளர் ரே ஹில்போர்னோடே சேர்ந்து 2009-இல் புது ஆய்வு வெளியிட்டார். சில பகுதிகளில் மீன்பிடி அழுத்தம் குறைந்து வருகிறது என்றது அது. படம் வந்தது அதற்கும் 12 வருடம் கழித்து.